அவள் பார்த்தால் அவுட்

அவன் ஓய்வு பெறப்போகிறான் என்ற செய்தி எனக்கு மறைமலை நகரில், கம்பெனி கேன்டீனில் கிடைத்தது. தட்டில் எலுமிச்சை சாதம். எதிரே உட்கார்ந்திருந்தவர் போனில் வந்த கிரிக்கெட் செய்தியைத் திருப்பிக் காட்டினார். நாலைந்து பேர் "ச்ச" என்றார்கள். ஒருத்தர், "எப்பவோ போயிருக்கணும்" என்றார். யாரோ அப்பளத்தை நொறுக்கினார்கள். அவ்வளவுதான், பேச்சு ஓவர்டைம் பக்கம் திரும்பிவிட்டது.

நான் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவனை "அவர்" என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷம் அவன் எனக்கு அவன்தான். வந்தான், அடித்தான், கவுத்துட்டான். திட்டும்போதும் அவன், கொண்டாடும்போதும் அவன். ஓய்வு என்றதும் ஒரு "ர்" வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

அழுகை வரவில்லை. அசதிதான் வந்தது. நானும் ஐம்பதை நெருங்குகிறேன். காருக்குப் போகிற இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து ஒதுக்குகிற வேலை எனக்கு. சரி, சரி, தப்பு, சரி. ஷிப்ட் முடியும்போது கண்ணுக்குள் மணல். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இருபது வருஷம் அவனைப் பார்த்தேன். அவன் ஆடாத நாட்களிலும் அவனுக்காகக் களைத்திருக்கிறேன்.

கடைசி மேட்ச் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒன்றே ஒன்று நடந்தாக வேண்டியிருந்தது. அந்த மேட்ச்சை என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவன் ஆடும்போது அவள் பார்க்க வேண்டும்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அவன் மட்டை பிடிக்கும்போது அவள் டிவி பார்க்கக் கூடாது. அப்படி ஒரு சட்டம்.

அந்தச் சட்டம் வந்த கதை சின்னது. கல்யாணமான புதிது. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. ஒரே ஹால், அதை ஒட்டி அடுப்படி, நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலை. கம்பெனி நண்பர்கள் மூணு பேர் மேட்ச் பார்க்க வந்திருந்தார்கள். அவன் நூறைத் தொடப்போகிறான். யாரும் மூச்சு விடவில்லை. ஒருத்தன் ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு ஒற்றைக் காலை மடித்து உட்கார்ந்திருந்தான், அதே நிலையில் இருந்தால்தான் ரன் வருமாம். அவள் பஜ்ஜித் தட்டோடு வந்து என் நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்தாள். அடுத்த பந்து, ஸ்டம்பு பறந்தது.

"அண்ணி! உங்க ராசி அப்படி!" என்றான் ஒற்றைக் கால்காரன். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அவள் வந்தாள், அவன் போனான். அதற்கடுத்த தடவை, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவள் தலை தெரிந்ததும் நான் கையை நீட்டி, "நீ உள்ள போ, ப்ளீஸ்" என்றேன். நண்பன் சொன்னது கேலி. நான் சொன்னதுதான் சட்டமானது. அன்றைக்கு அவன் நூறு அடித்தான், அதுதான் கெட்டது.

அதன் பிறகு டீ திரைச்சீலைக்குள்ளிருந்து வந்தது. ஒரு கை, ரெண்டு வளையல், ஒரு டம்ளர். அந்தக் கையைப் பார்த்து நண்பர்கள் "தேங்க்ஸ் அண்ணி" என்பார்கள், பக்தியோடு. இடம் மாறி முடிச்சூர் பக்கம் சொந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். திரைச்சீலை போய்க் கதவு வந்தது. டிவி பெரிதானது. சட்டம் மட்டும் அப்படியே கூட வந்தது. பின்னால் மகள் பிறந்து, அவள் நடை பழகியதும் அவளே சொல்ல ஆரம்பித்தாள்: "அம்மா, பாக்காத! அப்பா கத்துவாரு."

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒருநாள் பரண் ஒழிக்கும்போது மனைவியின் காலேஜ் பெட்டியைத் திறந்தேன். ஹாஸ்டல் நோட்டுக்குள் ஒரு வாரப் பத்திரிகையின் நடுப்பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன்தான். மீசை சரியாக முளைக்காத, கழுத்து எலும்பு தெரிகிற, முதல் வருஷத்து அவன். ஓரத்தில் பேனாவால் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தாள். எனக்கு முன்னாலேயே அவள் அவனைக் கண்டுபிடித்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. மடித்த மாதிரியே மடித்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினேன். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை.

இதெல்லாம் கிரிக்கெட்டோடு நின்றிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். நிற்கவில்லை. அவள் குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதித்துப் பார்த்து, இவருக்குச் சர்க்கரை, இவருக்கு டெங்கு என்று எழுதிக் கொடுக்கிற கண். அந்தக் கண், மகளின் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டது. "நீங்களே பாருங்க. நான் வேணாம்." என் நெஞ்சு வலிக்கு எடுத்த டெஸ்ட்டை அவளுடைய இடத்திலேயேதான் பார்த்தார்கள். அந்தத் தாளை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் என்னிடம் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு வேடிக்கையாக இல்லை. நண்பர்களோடு சேர்ந்து நான் வீசிய ஒரு சொல் இவள் மேல் இப்படிப் படிந்து, தோலாகிவிட்டது.

அதனால்தான் அந்தக் கடைசி மேட்ச். இதை விட்டால் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க வழியில்லை என்று தோன்றியது. அவன் போய்விட்டால், அவள் பார்த்தும் அவன் ஆடினான் என்று காட்ட அவனே இருக்க மாட்டான்.

வியாழக்கிழமை காலையில் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் லீவு" என்றேன்.

"தெரியும். பத்து நாளா சொல்றீங்க."

"நீயும் லீவு போடு."

"எதுக்கு?"

"உக்காந்து பாக்கலாம். ரெண்டு பேரும்."

தோசையைத் திருப்பினாள். எண்ணெய் விட்டாள். "வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"நான் உக்காந்து, அவன் மொத பந்துலயே போய்ட்டான்னு வெச்சுக்குங்க. அதுக்கு அப்புறம் மேட்ச்சே கிடையாது. வாழ்நாள் பூரா நான்தான்னு ஆயிடும்."

"ராசியாவது ஒண்ணாவது. அதெல்லாம் சும்மா."

"இப்ப சொல்லுங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "மாசத்துல மூணு நாள் எங்க அம்மா வீட்டுல ஒதுக்கி உக்கார வெப்பாங்க. அதுக்காவது ஒரு காரணம் சொல்லுவாங்க. நீங்க பேப்பர்ல மேட்ச் என்னிக்குன்னு பாத்து உக்கார வெச்சீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தோசைகூடக் கருகவில்லை. தட்டில் போட்டு நீட்டினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, லீவு போடறேன்" என்றாள் கடைசியில். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் குளித்துவிட்டு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. டிவி முன்னால் ரிமோட்டுக்கு அடியில் ஒரு துண்டுத் தாள். அவள் கையெழுத்து. "பல்லாவரம் சந்தைக்குப் போறேன். ஹாட்பாக்ஸ்ல சாப்பாடு. நிம்மதியா பாருங்க."

நிம்மதியா. அந்தச் சொல்லைத் தடவித் தடவிப் பார்த்தேன். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. உண்மையாகவே என் நிம்மதிக்காகத்தான் போயிருக்கிறாள். அவனுடைய நிம்மதிக்காகவும். லீவு போட்டது வீட்டை விட்டுத் தூரமாகப் போவதற்கு.

டாஸ் போட்டதும் அந்தப் பழைய ஒற்றைக் கால்காரன் போன் செய்தான். இப்போது அவனுக்கு மூட்டு தேய்ந்து, எந்தக் காலையும் மடிக்க முடியாது.

"மச்சான், நம்மாளுங்கதான் பேட்டிங். வரவா? கடைசி மேட்ச்சுடா, தனியா பாக்காத."

"வேணாம்டா. தனியாவே பாக்கறேன்."

"அண்ணி இருக்காங்களா? கிச்சன்ல வெச்சு தாழ் போட்ரு. இன்னிக்கு மட்டும் ரிஸ்க் எடுக்காத, சொல்லிட்டேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். பழக்கம். போனை வைத்த பிறகு வாயெல்லாம் கசந்தது.

ரெண்டு விக்கெட் விழுந்ததும் அவன் வந்தான். எதிரணிக்காரர்கள் ரெண்டு வரிசையாக நின்று கைதட்டினார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நடந்து வந்தான், கூட்டமான பஸ்ஸில் படிக்கட்டைத் தாண்டி உள்ளே போகிறவன் மாதிரி. முதல் ரெண்டு பந்தைத் தடுத்தான். மூன்றாவதைக் கால் பக்கம் திருப்பிவிட்டான். புல்லை ஒட்டியே ஓடி எல்லைக் கயிற்றைத் தொட்டது. என் தொண்டையிலிருந்து இருபது வருஷத்துச் சத்தம் தானாக வந்தது. வெறும் வீட்டில் அது சுவரில் முட்டித் திரும்பியது.

அப்போதுதான் புரிந்தது. அவன் அடிக்கிற ஒவ்வொரு ஃபோரும் இப்போது அவளுக்கு எதிரான சாட்சி. அவள் இல்லாத வீடு, அவன் ஆடுகிறான். நூறே அடித்துவிட்டுப் போனால் என் மனைவி சாயங்காலம் காய்கறிப் பையோடு வந்து, "பாத்தீங்களா, நான் போனது நல்லதாச்சு" என்பாள். சந்தோஷமாகவே சொல்வாள். நான் சரி என்று தலையாட்டுவேன். அவன் அவுட்டாக வேண்டும் என்று மனசார நினைக்கவும் முடியவில்லை. எதைப் பார்த்தாலும் தப்பாகத்தான் முடியும். ரிமோட்டை எடுத்து அணைத்தேன். அவன் நாலு ரன்னில் இருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் மூணே ஸ்டேஷன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். பெட்டியில் பாதிப் பேர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒருமுறை எல்லோரும் சேர்ந்து "ஊ" என்றார்கள். அது என்ன ஊ என்று கேட்கவில்லை. இருபது வருஷத்தில் அவன் ஆடிக்கொண்டிருக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சந்தை கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே கிடைக்காதது கிடையாது. ரோஜாச் செடி, பழைய ஷூ, கூண்டில் குருவி, கேஸ் அடுப்பின் பித்தளைத் தலைகள், ஒரே ஒரு கிரைண்டர் கல், குவித்த கத்தரிக்காய். தலைக்கு மேல் விமானம் வயிறு தெரிய இறங்கிப் போனது, யாரும் நிமிரவில்லை. அவள் செடி வாங்குவாள் என்று செடிப் பக்கம் தேடினேன். காய்கறிப் பக்கம் தேடினேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. வெயில் முதுகில் கை வைத்துத் தள்ளியது.

பழைய டிவி விற்கிறவர் கடைப்பக்கம் கூட்டமாக இருந்தது. கடை என்றால் தார்ப்பாய்தான், அதன் மேல் ஏழெட்டு டிவிகள், சில ஓடும், சில ஓடாது. ஓடும் என்று காட்ட ஒன்றை மட்டும் போனோடு ஒயர் போட்டு ஓட விட்டிருந்தார். மேட்ச். திரையின் நடுவே மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. அவன் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தான். இன்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"பாக்குறவங்க பாத்துகினே இருங்க, வாங்குறவங்களுக்கு வழி வுடுங்க" என்று கத்தினார் கடைக்காரர். "கோடு ஒண்ணுதான் கீது, மத்தபடி படம் சூப்பர் சார்!"

முப்பது ஆண்களுக்கு முன்னால், முதல் வரிசையில், ஒரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நீலப் புடவை. ஒரு தோளில் கைப்பை, ஒரு கையில் கீரையும் முருங்கைக்காயும் துருத்திய பை. அந்தப் பின்கழுத்தை எனக்குத் தெரியும்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக்காரர் அவளிடம் சொன்னார்:

"அக்கா, நீங்க வந்து நின்னதுலேர்ந்து ஒரு விக்கெட்டு வுழல. அங்கேந்து நவுராதீங்க. பை கனமா இருந்தா கீழ வைங்க, நீங்க மட்டும் அப்படியே நில்லுங்க."

"ஆமாக்கா, நவுராதீங்க" என்றது கூட்டம். பின்னாலிருந்து ஒருத்தர், "அக்கா ராசி சூப்பரு" என்றார்.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. நிலை மாறிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. பையின் பிடி முழங்கையை அறுக்க, அப்படியே நின்றாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. தெரியாத ஊரில் பெயரை மாற்றிச் சொல்லிப் பார்க்கிறவள் மாதிரி, எங்கள் வீட்டிலிருந்து மூணு ஸ்டேஷன் தள்ளி வந்து, இவள் பார்த்துப் பார்க்கிறாள். போனால் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாள். அவன் போகவில்லை.

நான் கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றேன். திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளைப் பார்த்தேன். நல்ல அடி விழுந்தால் அந்தத் தோள் ஒரு விரல் உயரம் எழும்பி அடங்கும். கைதட்டக் கை இல்லை அவளுக்கு. தோளாலேயே தட்டினாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இன்னும் ரெண்டு விமானம் இறங்கின. என் கால் ரெண்டும் மரத்துப்போயின. நிம்மதியா பாருங்க என்று எழுதி வைத்தாளே, அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு கூட்டம் மொத்தமாக "ச்சே" என்றது. திரும்பிப் பார்த்தேன். பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, நவுந்துட்டீங்களா?" என்றார் கடைக்காரர், நிஜமான வருத்தத்தோடு.

"இல்லியே! நின்ன எடத்துலதான் நிக்கறேன்" என்று அவள் பதறிச் சுற்றும் முற்றும் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

ஒரு கணம் அவள் முகத்தில் பழைய பயம் வந்தது, மாட்டிக்கொண்ட பயம். பிறகு அது போனது. புருவம் உயர்ந்தது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான்" என்றேன். பொய்.

கடைக்காரர் பக்கம் திரும்பிக் கையை என் பக்கம் காட்டினாள். "நான் நவுரலப்பா. இவரு வந்தாரு."

முப்பது ஆண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"யோவ் இன்னா சார் நீ" என்றார் கடைக்காரர். "இம்மா நேரம் ஜோரா போய்கினு இருந்துச்சு. வந்து பேஜாரு பண்ணிட்டியே. அஞ்சு நிமிசம் கழிச்சு வரக் கூடாது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாய்விட்டு, முருங்கைக்காய் குலுங்க. நானும் சிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை. முப்பது பேர் சிரிக்கும்போது நடுவில் நிற்பவன் கையை எங்கே வைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டேன், கையை எடுத்தேன்.

திரையில் அவன் மட்டையைத் தூக்கிக் காட்டியபடி போய்க்கொண்டிருந்தான். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அவள் மட்டும் அவன் படியேறி உள்ளே மறையும்வரை நின்று பார்த்தாள். நான் அவளிடமிருந்து பையை வாங்கினேன். முழங்கை மடிப்பில் சிவப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரயிலில் வரும்போதே வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ரெண்டு தடவை ஆரம்பித்தேன். "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"தாடியெல்லாம் நரைச்சுப் போச்சுங்க அவனுக்கு. விளம்பரத்துல கருப்பா இருக்கே?"

"மை போடுவாங்க."

"ஓடும்போது இடுப்பப் புடிக்கறான். பாவம். ஆனா அடி குறையல. நீங்க எதுலேர்ந்து பாத்தீங்க?"

"நான் பாக்கல."

"வீட்டுல?"

"நாலு ரன்லயே ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன்."

அவள் நின்றாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "அய்யோ, அப்ப எல்லாம் போச்சே உங்களுக்கு" என்றாள். உண்மையான இரக்கத்தோடு சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரயிலில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். "நான் வந்து நிக்கறப்ப அவன் அப்பதான் வந்திருந்தான் போல. மொதல்ல ஒருத்தன் வேகமா போட்டான், இவன் சும்மா தொட்டான். அப்புறம் மெதுவா போடறவன் வந்தான். அதுக்கு முட்டி போட்டு ஒண்ணு அடிச்சான் பாருங்க, நாம வெளக்குமாத்தால பெருக்குவோமே, அந்த மாதிரி." அதற்குப் பெயர் உண்டு. நான் சொல்லவில்லை. பௌலர்களின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. குட்டையன், சுருட்டைமுடி, நாக்க நீட்டறவன் என்று சொன்னாள். எனக்கு எல்லோரும் தெரிந்தார்கள்.

அந்த மேட்ச்சின் பதிவு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் சுருட்டைமுடி வேறு பெயருள்ள யாரோ ஆகிவிடுவான்.

சானடோரியம் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தாள். தாம்பரத்தில் இறங்கும்போது அவன் இன்னும் அவுட்டாகவில்லை. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனது. "கொஞ்சம் உக்காருங்க, கால் வலிக்குது, இன்னும் ரெண்டு மூணு ஓவர் பாக்கி இருக்கு" என்றாள். பிளாட்பார பெஞ்சில் பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் கேட்டேன்.